கேரக்டர் அனிமேஷன்: இரண்டு கீஃப்ரேமுக்கு நடுவில் என்ன நடக்கிறது?

"அனிமேஷன் கற்றுக்கொள்ள எந்த சாஃப்ட்வேர் நல்லது?" என்றுதான் பெரும்பாலானோர் ஆரம்பிக்கிறார்கள். யாராவது ஒரு பெயரைச் சொல்கிறார்கள். கேட்டவர் அதை இறக்கி, ஒரு பொம்மையை முதலில் இங்கே நிறுத்துகிறார், பிறகு அங்கே நிறுத்துகிறார். நடுவில் உள்ளதைக் கணினியே பார்த்துக்கொள்ளும் என்று பிளே பொத்தானை அழுத்துகிறார். கணினியும் பார்த்துக்கொள்ளத்தான் செய்கிறது. ஆனால் திரையில் இருக்கும் உருவத்துக்கு எடையே இல்லை, மிதந்தபடி போகிறது. உடனே காரணங்கள் வரிசை கட்டும். கம்ப்யூட்டர் பழசு, 60 எஃப்.பி.எஸ்.ஸில் (வினாடிக்கு 60 படம்) போட்டிருக்க வேண்டும், எனக்கு வரைய வராது. இவற்றில் எதுவும் உண்மையான காரணம் இல்லை.

அந்த 'நடுவில் உள்ளது'தான் அனிமேஷன். அதை எப்படி நிரப்ப வேண்டும் என்று நீங்கள் சொல்லாவிட்டால், சாஃப்ட்வேர் தனக்குத் தெரிந்த ஒரே விதத்தில் ஊகித்து நிரப்பும். இறகு விழுந்தாலும் இரும்புக் குண்டு விழுந்தாலும் அதற்கு ஒன்றுதான். இந்த ஊகத்தைத் திருத்தத் தெரிவதே முதல் பாடம். முழுக்க முழுக்க ஆரம்பநிலைக்காரர்களை மனதில் வைத்து அதைத்தான் இங்கே சொல்கிறேன்.

சாஃப்ட்வேர் கேள்வியையும் முடித்துவிடலாம். நான் பிளெண்டரை வைத்தே பேசப்போகிறேன். இலவசம், 2002இல் அதன் நிரல் பொதுவில் திறந்துவிடப்பட்டது, சாதாரண மடிக்கணினியில் ஓடும். 2025இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய லாட்வியாவின் 'ஃப்ளோ' பிளெண்டரில் செய்த படம்தான். வேறு சாஃப்ட்வேர் வைத்திருந்தாலும் பரவாயில்லை, பொத்தான்களின் இடம்தான் மாறும்.

## பஸ் அட்டவணை மாதிரி

ஒரு டவுன் பஸ்ஸின் நேர அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த நிறுத்தத்தில் 9.10, அடுத்த நிறுத்தத்தில் 9.16. அவ்வளவுதான் அதில் இருக்கும். இடைப்பட்ட ஆறு நிமிடத்தில் பஸ் எப்படி ஓடியது என்று அட்டவணைக்குத் தெரியாது. ஒரே சீராக ஓடியிருக்கலாம். சிக்னலில் நின்றுவிட்டு, பிறகு பறந்து வந்திருக்கலாம். உள்ளே நின்றுகொண்டு வந்தவருக்குத்தான் அந்த வித்தியாசம் தெரியும்.

அட்டவணையில் உள்ள ஒவ்வொரு வரியும் ஒரு கீஃப்ரேம். 'இந்த நேரத்தில் இந்த நிலையில் இரு' என்று நாம் பதிந்துவைக்கும் குறிப்பு அது. பிளெண்டரில் ஒரு பொருளை நகர்த்தி வைத்துவிட்டு ஐ விசையை அழுத்தினால் கீஃப்ரேம் பதியும். இரண்டு கீஃப்ரேமுக்கு நடுவே உள்ள நிலைகளைக் கணக்குப் போட்டு நிரப்புவதன் பெயர் இன்டர்பொலேஷன். அதாவது, டிரைவர் ஓட்டும் விதம்.

பிளெண்டரின் டிரைவர் மிகவும் நல்லவர். புறப்படும்போது மெதுவாக எடுப்பார், நடுவில் வேகம் பிடிப்பார், நிறுத்தம் வருவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து அலுங்காமல் நிறுத்துவார். பெசியர் என்ற வளைவு அந்த வேலையைச் செய்கிறது. கையை மெதுவாகத் தூக்குவதற்கு இது அருமையாகப் பொருந்தும். கீழே விழும் பந்துக்கு அடியோடு பொருந்தாது. தரையைத் தொடுமுன் எந்தப் பந்தும் பிரேக் போடுவதில்லையே.

## டைமிங் வேறு, ஸ்பேசிங் வேறு

இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் இங்கேயே தேங்கிவிடுகிறார்கள்.

ஒரு ஃப்ரேம் என்பது ஒரு நிலைப்படம். சினிமாவில் வினாடிக்கு 24 ஃப்ரேம், பிளெண்டரும் இயல்பாக அதில்தான் திறக்கிறது. ஓர் அசைவு மொத்தம் எத்தனை ஃப்ரேம் எடுக்கிறது என்பது டைமிங். அந்த ஃப்ரேம்களுக்குள் ஒவ்வொன்றிலும் எவ்வளவு தூரம் நகர்கிறது என்பது ஸ்பேசிங்.

ஒரு பந்தைக் கீழே போடுவோம். புவியீர்ப்பின் கணக்குப்படி அரை வினாடியில், அதாவது 12 ஃப்ரேமில், அது சுமார் 1.2 மீட்டர் விழும். இந்த 12 ஃப்ரேமை மும்மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். முதல் மூன்றில் சுமார் 8 சென்டிமீட்டர்தான் இறங்கும். அடுத்த மூன்றில் 23, அதற்கடுத்து 38, கடைசி மூன்றில் 54. ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு என்ற விகிதம். கலிலியோ கண்டுபிடித்த கணக்கு இது, இன்றைக்கும் அனிமேட்டர்களுக்குச் சோறு போடுகிறது.

இதே 12 ஃப்ரேமுக்கு, உயரத்தில் ஒரு கீஃப்ரேம், தரையில் ஒரு கீஃப்ரேம் வைத்து பிளெண்டரிடம் விட்டால் என்ன செய்யும்? முதல் மூன்றில் 20 சென்டிமீட்டருக்கும் குறைவு. நடுவில் மும்மூன்று ஃப்ரேமுக்கு 40க்கும் மேல். கடைசி மூன்றில் மறுபடி 20க்கும் கீழே. டைமிங் அதேதான், அரை வினாடி. ஸ்பேசிங்தான் தப்பு. அதனால் பந்து தரையை அடிக்காமல் தரையிறங்குகிறது.

டைமிங்குக்கும் தனியாக ஒரு வேலை உண்டு. உருவத்தின் அளவைச் சொல்வது அதுதான். அதே பந்து, அதே படம், ஆனால் 12க்குப் பதில் 24 ஃப்ரேமில் விழட்டும். ஒரு வினாடியில் ஒரு பொருள் சுமார் 4.9 மீட்டர் விழும். நேரத்தை இரண்டு மடங்காக்கினால் உயரம் நான்கு மடங்கு. பார்ப்பவர் இந்தக் கணக்கையெல்லாம் போட மாட்டார், ஆனால் பிறந்ததிலிருந்து பொருள்கள் விழுவதைப் பார்த்துப் பழகிய கண் அவருக்கு இருக்கிறது. ஒன்று, அது ஒரு பிரம்மாண்டமான பந்து என்று நம்புவார். இல்லையென்றால் ஸ்லோ மோஷன் என்று நினைப்பார். ராட்சத உருவங்கள் மெதுவாக நடப்பதும், எலிக்குஞ்சு விருட்டென்று ஓடுவதும் திரையில் நம்பும்படி இருப்பது இதனால்தான்.

பந்து எகிறும்போது இன்னொரு பொறி காத்திருக்கிறது. இரண்டாவது துள்ளலின் உயரத்தைப் பாதியாகக் குறைக்க எல்லோருக்கும் தோன்றும். நேரத்தைக் குறைக்கத் தோன்றாது. பாதி உயரத்துக்கு 12 ஃப்ரேம் ஆகாது, எட்டோ ஒன்பதோ போதும். இதை மறந்தால் துள்ளல் சிறிதாகச் சிறிதாகப் பந்துக்கு எடை குறைந்துகொண்டே போவதுபோல் தெரியும்.

அப்புறம் அந்த 60 எஃப்.பி.எஸ். சமாச்சாரம். கையால் வரைந்த படங்களில் ஒரே ஓவியத்தை இரண்டு ஃப்ரேமுக்குக் காட்டுவது நெடுங்கால வழக்கம். வினாடிக்கு 12 ஓவியம்தான். அதிலேயே எடையும் வேகமும் உணர்ச்சியும் வந்திருக்கின்றன. ஸ்பேசிங் தப்பாக இருந்தால் 60 ஃப்ரேமிலும் அதே தப்பு இன்னும் துல்லியமாகத் தெரியும்.

இதுவரை பார்த்தது: கீஃப்ரேம் என்பது நாம் சொல்லும் நிலை. நடுவை நிரப்புவது இன்டர்பொலேஷன். மொத்த நேரம் டைமிங், ஒவ்வொரு ஃப்ரேமிலும் நகரும் தூரம் ஸ்பேசிங். சாஃப்ட்வேர் ஊகித்துப் போடுவது ஸ்பேசிங்கை.

## கிராஃப் எடிட்டரைப் பார்த்துப் பயப்படாதீர்கள்

வளைவு வளைவாகக் கோடுகள் நெளியும் அந்த ஜன்னலைத் திறந்ததும் மூடிவிடுகிறவர்கள் அதிகம். பள்ளிக்கூட வரைபடத்தாளுக்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. கிடைமட்டமாக நேரம், செங்குத்தாக மதிப்பு. கோடு செங்குத்தாக ஏறினால் அசைவு வேகம், லேசாகச் சாய்ந்திருந்தால் மெதுவு, தட்டையாக இருந்தால் நின்றுவிட்டது. இதை மட்டும் தெரிந்துகொண்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

துள்ளும் பந்தின் உயரக் கோட்டைப் பாருங்கள். திருத்தாமல் விட்ட கோடு மேலேயும் உருண்டை, கீழேயும் உருண்டை, ஓர் அலை. உண்மையான பந்துக்கு மேலே மட்டும்தான் உருண்டை இருக்க வேண்டும், கீழே கூர்மையான முனை வேண்டும். தரையைத் தொடும் கீஃப்ரேம்களைத் தேர்ந்தெடுத்து வி விசையை அழுத்தி, வெக்டர் என்ற வகையை எடுங்கள். கீஃப்ரேமின் இரு பக்கமும் உள்ள சிறு கைப்பிடிகள் உடைந்து முனை கூர்மையாகும். இப்போது பிளே செய்து பாருங்கள். ஒரே ஒரு மாற்றம், பந்துக்கு எடை வந்துவிடும்.

பந்து துள்ளியபடி முன்னாலும் போகிறதா? அந்த முன்னோக்கிய நகர்வுக்குத் தனிக் கோடு இருக்கும். அதில் துள்ளலே கிடையாது, ஏறக்குறைய நேர்கோடுதான். மேல்-கீழ் வேறு, முன்-பின் வேறு என்று பிரித்து யோசிப்பது முதலில் விசித்திரமாக இருக்கும். பிறகு எல்லாவற்றையும் அப்படித்தான் யோசிப்பீர்கள்.

## பந்திலிருந்து பாத்திரத்துக்கு

மனித உருவத்துக்கு வந்ததும் ஒரு கோடு நூறாகும். உருவத்துக்குள் எலும்புகளை வைத்து, எந்த எலும்பு அசைந்தால் எந்தப் பகுதி அசைய வேண்டும் என்று கட்டிவைத்த அமைப்புக்கு ரிக் என்று பெயர். ரிக் செய்வது தனித் தொழில். அனிமேஷன் கற்க வந்தவர் தன் கதாநாயகனைத் தானே செதுக்கி, தானே ரிக் செய்து, அதன்பிறகுதான் அசைப்பேன் என்று உட்கார்ந்தால் அசைக்கும் கட்டத்துக்கு வந்துசேர்வது சந்தேகம். பிளெண்டர் ஸ்டுடியோ 'ரெயின்', 'ஸ்னோ' என்ற பாத்திரங்களை ரிக்கோடு இலவசமாகத் தருகிறது. அதை எடுத்து வேலையை ஆரம்பியுங்கள்.

ரிக்கில் கை கால்களை இரண்டு விதமாக அசைக்கலாம். தோளைத் திருப்பி, முழங்கையைத் திருப்பி, பிறகு மணிக்கட்டைத் திருப்புவது எஃப்.கே. உள்ளங்கையை நேரடியாக ஓரிடத்தில் வைத்துவிட்டால் முழங்கை தானாக மடிந்துகொள்வது ஐ.கே. பாதம் தரையில் ஊன்றி நிற்க வேண்டும், அதனால் கால்களுக்குப் பெரும்பாலும் ஐ.கே. நடக்கும்போது வீசிப்போகும் கைகளுக்கு எஃப்.கே. இதற்குக் காரணம் இருக்கிறது. நம் மூட்டுகள் சுழல்பவை, ஆகவே கையின் நுனி எப்போதும் வில் போன்ற பாதையில் போகும். எஃப்.கே.யில் அந்த வில் இலவசமாகக் கிடைக்கும். ஐ.கே.யில் இரண்டு கீஃப்ரேம் வைத்தால் உள்ளங்கை நேர்கோட்டில் போகும், எந்திரம் மாதிரி இருக்கும். நடுவில் ஒரு கீஃப்ரேம் வைத்து வளைத்துவிட வேண்டும்.

எடை வருவது இடுப்பிலிருந்து. கை, முகம், விரல் என்று கண்ணுக்குப் பளிச்சென்று தெரிவதில் ஆரம்பிக்கத் தோன்றும், ஆனால் எல்லாவற்றையும் தூக்கிச் சுமப்பது இடுப்பு. ஒரு சோதனை செய்து பாருங்கள். இடது தோளும் இடது பாதத்தின் பக்கமும் சுவரோடு ஒட்டியபடி நின்று, வலது காலைத் தூக்குங்கள். தூக்கி நிற்க முடியாது. ஒரு காலைத் தூக்குமுன் உடல் மற்றக் காலின் மேல் சாய்ந்தாக வேண்டும், சுவர் அதைத் தடுக்கிறது. ஆரம்பநிலை நடைகளில் விடுபட்டுப்போவது இந்தச் சாய்வுதான். இடுப்பு நட்டநடுவில் தண்டவாளத்தில் ஓடுகிறது, கால்கள் மட்டும் கீழே ஆடுகின்றன.

நடைக்கு நான்கு நிலைகள் போதும். முன்கால் குதிகால் தரையைத் தொடும் நிலை. உடல் எடை அதன்மேல் இறங்கி, முழங்கால் மடிந்து, இடுப்பு மிகத் தாழ்ந்திருக்கும் நிலை. பின்கால் முன்காலைக் கடந்துபோகும் நிலை. உந்தி எழும்பி இடுப்பு மிக உயர்ந்திருக்கும் நிலை. இயல்பான நடைக்கு இவற்றை 1, 4, 7, 10 ஆகிய ஃப்ரேம்களில் வையுங்கள், 13இல் மறுகால் தரையைத் தொடும். அடுத்த பாதிக்கு மெனக்கெட வேண்டாம். பிளெண்டரில் ஒரு போஸை நகலெடுத்து இடம்வலம் திருப்பி ஒட்டலாம். 25ஆம் ஃப்ரேமில் முதல் போஸையே மறுபடி வைத்து, ஓட்டுவதை 24ஓடு நிறுத்துங்கள். 25வரை ஓட்டினால் ஒரே போஸ் இரண்டு முறை வந்து, ஒவ்வொரு சுற்றிலும் லேசாகத் தட்டும். ஏன் தட்டுகிறது என்று தெரியாமல் ராத்திரி முழுக்கத் தேடுபவர்கள் உண்டு.

## முதலில் போஸ், பிறகு அசைவு

நடைக்கு இந்த வாய்ப்பாடு இருக்கிறது. கதவைத் திறப்பது, நாற்காலியிலிருந்து எழுவது போன்றவற்றுக்கு என்ன செய்வது? அங்கேதான் பிளாக்கிங் என்ற முறை. முக்கியமான போஸ்களை மட்டும் வைத்து, நடுவை நிரப்பவே கூடாது என்று சாஃப்ட்வேரிடம் சொல்லிவிடுவது. டி (T) விசையை அழுத்தி இன்டர்பொலேஷனை கான்ஸ்டன்ட் என மாற்றினால், அடுத்த கீஃப்ரேம் வரும்வரை போஸ் அப்படியே நிற்கும், பிறகு சட்டென்று தாவும். படக்கதைப் பக்கங்களைப் புரட்டியதுபோல் தெரியும். கதை புரிகிறதா, நேரம் சரியா என்பதை மட்டும் இந்தக் கட்டத்தில் பாருங்கள்.

திருப்தியானதும் பெசியருக்கு மாற்றுவீர்கள். உடனே எல்லாம் கொழகொழவென்று ஆகிவிடும். இதில் மனம் உடைந்து விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். நடந்தது இதுதான்: 12 ஃப்ரேம் அசையாமல் நின்றிருந்த போஸ் இப்போது அந்த 12 ஃப்ரேமும் அடுத்த போஸை நோக்கி ஊர்கிறது. நிற்பது என்ற ஒன்றே காணாமல்போனது. அதனால் நிற்க வேண்டிய போஸை நகலெடுத்து எட்டு ஃப்ரேம் தள்ளி மறுபடி வையுங்கள். எட்டு ஃப்ரேம் நிற்கும், மீதி நான்கில் நகரும். அந்த இரண்டாவது நகலில் மூச்சுவிடும் அளவுக்குச் சிறு மாற்றம் வைத்தால் நல்லது. முப்பரிமாண உருவம் துளியும் அசையாமல் நின்றால் உயிர் போனதுபோல் தெரியும்.

நகரும்போதும் உடல் முழுக்க ஒரே ஃப்ரேமில் கிளம்பி ஒரே ஃப்ரேமில் நிற்கக் கூடாது. பஸ்ஸில் நிற்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். பிரேக் போட்டதும் கால் நின்றுவிடும், உடல் முன்னால் போகும், கையிலிருக்கும் பை அதற்கும் பிறகு ஆடி அடங்கும். பாத்திரத்திலும் இடுப்பு முதலில், மார்பு ஓரிரு ஃப்ரேம் கழித்து, கை அதற்கும் கழித்து. கீஃப்ரேம்களைச் சற்றுத் தள்ளிவைத்தாலே இது வந்துவிடும். இதற்கு ஓவர்லேப் என்று பெயர். தலை திரும்பும்போது கண் முந்திக்கொள்ளும், அதுவும் இந்த வகைதான்.

டிஸ்னியின் ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981இல் எழுதிவைத்த பன்னிரண்டு விதிகளில் இதுவும் அடக்கம். அந்தப் பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்லும் ஆட்களிடம் எனக்கு அவ்வளவாக உடன்பாடில்லை. ஆனால் கணினி வந்த பிறகு அவையெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல்: பிக்ஸாரின் ஜான் லாசெட்டர் 1987இலேயே இதைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். கையால் வரைந்த காலத்து விதிகள் முப்பரிமாணக் கணினி அனிமேஷனுக்கும் அப்படியே பொருந்தும் என்பதுதான் அதன் சாரம்.

சுருக்கமாக: ஆயத்த ரிக், இடுப்பிலிருந்து ஆரம்பம், முதலில் தாவும் போஸ்கள், பிறகு நிற்கும் நேரத்தைக் காப்பாற்றியபடி பெசியர், கடைசியில் உறுப்புகளை முன்பின்னாக நகர்த்துவது.

## எந்த வரிசையில் பழகுவது

துள்ளும் பந்து. பிறகு டென்னிஸ் பந்து, குண்டு, பலூன் என்று ஒரே அசைவை எடை மாற்றிச் செய்வது. பிறகு வால் வைத்த பந்து, ஓவர்லேப்புக்காக. பிறகு கால் மட்டும் உள்ள உருவத்தின் நடை. முழு உருவம் அதற்கப்புறம், வசனத்துக்கு வாயசைப்பது இன்னும் அப்புறம். பந்து சலிப்பூட்டும் என்பது நிஜம். ஆனால் அதில் வராத எடை முழு உருவத்தில் வரவே வராது, ஒளிந்துகொள்ள இடம்தான் அதிகம் கிடைக்கும்.

எந்த அசைவுக்கும் உங்களையே போனில் படம்பிடித்துப் பார்த்துச் செய்யுங்கள். யாரும் பார்க்கப்போவதில்லை, வெட்கம் வேண்டாம். ஆனால் ஒரு விஷயம்: பெரும்பாலான போன்கள் வினாடிக்கு 30 ஃப்ரேம் எடுக்கும். அதை 24இல் ஓடும் பிளெண்டர் கோப்புக்குள் பின்னணியாக வைத்தால், ஒரு வினாடியில் நீங்கள் செய்தது ஒன்றேகால் வினாடிக்கு இழுபடும். அதைப் பார்த்து ஃப்ரேம் ஃப்ரேமாகப் பிரதியெடுத்தால் பாத்திரமும் சோம்பலாக நடக்கும். வீடியோவை முன்கூட்டியே 24க்கு மாற்றிக்கொள்ளுங்கள், அல்லது கோப்பையே 30இல் வையுங்கள்.

இதே மாதிரி ஏமாற்றும் இன்னொன்று, பிளெண்டரின் பிளேபேக். இயல்பாக அது எல்லா ஃப்ரேமையும் விடாமல் காட்டும்படி வைக்கப்பட்டிருக்கிறது. கனமான ரிக்கில் கணினி திணறினால் வினாடிக்குப் பத்து ஃப்ரேம்தான் ஓடும். நீங்கள் பார்ப்பது உண்மையான வேகம் அல்ல, ஆனால் அதைப் பார்த்து டைமிங்கைத் திருத்திக்கொண்டிருப்பீர்கள். பிளேபேக் மெனுவில் ஃப்ரேம் டிராப்பிங் என்பதைத் தேர்ந்தெடுத்தால் சில ஃப்ரேம்களைத் தாவி, வேகத்தைச் சரியாக வைத்துக்கொள்ளும். முடிவு எடுக்குமுன் வியூபோர்ட் ரெண்டர் அனிமேஷன் கொடுத்து ஒரு சிறிய வீடியோவாக எடுத்துப் பாருங்கள். விளக்கு, நிழல் எதுவும் தேவையில்லை, சாம்பல் நிற பொம்மையாகவே இருக்கட்டும்.